ஜம்போவுக்கும் மேலே இரண்டு பேர்

அமெரிக்காவில் ஆலிவ் டப்பாமேல் 'லார்ஜ்' என்று போட்டிருந்தால் ஏமாந்துவிடக் கூடாது. அதற்கு மேல் எக்ஸ்ட்ரா லார்ஜ், ஜம்போ. ஜம்போவின் தலைமேலும் கொலாசல், சூப்பர் கொலாசல் என்று இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பாவம் ஜம்போ!

லண்டன் மிருகக்காட்சி சாலையில் குழந்தைகளை முதுகில் சுமந்த ஆப்பிரிக்க யானை அது. 1882-இல் சர்க்கஸ்காரர் பார்னம் அதை வாங்கி அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார். அவர் அடித்த விளம்பரத் தண்டோராவில் யானையின் பெயரே 'மாபெரும்' என்பதற்கு அடைமொழியானது. 1885-இல் கனடாவில் ரயில் மோதிச் செத்த பிறகும் ஆள் விடவில்லை. தோலைப் பாடம் செய்து ஊர் ஊராகக் காட்டிக் காசு பார்த்தார்.

கடைசியில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் சேர்ந்த அந்தத் தோல் 1975-இல் தீயில் எரிந்தது. சாம்பலை அள்ளிவைத்தது ஒரு வேர்க்கடலை வெண்ணெய் பாட்டிலில். அதுவும் ஜம்போ சைஸ் இல்லை.