இருசக்கர வழிகாட்டியியல்: பொன்னேரி–பழவேற்காடு சாலையை முன்வைத்து ஓர் ஆய்வு

பாயிரம்

மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றப் போகிறவர் எந்த வழிகாட்டுக் கருவியை வாங்குவது என்பதை ஐயம் திரிபற நிறுவுதலே இவ்வாய்வின் நோக்கம். களம், பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரையுள்ள சாலை. ஏறத்தாழ 20 கிலோமீட்டர். 20 கிலோமீட்டர் எப்படி நெடும்பயணம் ஆகும் எனின், ஆகும். என்னை? ஆய்வாளர் இதே சாலையில் இருமுறை தொலைந்திருக்கிறார். தொலைவும் தொலைதலும் ஒரே அடியிற் பிறந்த சொற்கள். ஆதலால் ஒருவர் தொலைந்த அளவே அவர் போன தொலைவு என்பது எம் துணிபு. கிலோமீட்டரால் அளப்பாரும் உளர். அவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

இக்களத்தைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. இந்தியாவின் சொந்த வழிகாட்டுச் செயற்கைக்கோள்கள் எல்லாம் அங்கிருந்தே எழும்பின. முதலாவது 2013 ஜூலை 1 அன்று. ஏழாவது 2016 ஏப்ரல் 28 அன்று. ஏழும் மேலே சேர்ந்த பிறகுதான் அந்தக் கூட்டத்துக்கு 'நாவிக்' என்று பெயர் வைத்தார்கள். நாவாய் ஓட்டுகிறவன் என்ற பொருள் அதில் தொனிக்கும். ராக்கெட் கிளம்பும் நாளில் பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குப் போகவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். ஆக, நாவாய்க்கு வழிகாட்டும் கோள் புறப்படுகிற அன்று நாவாய் ஒன்றும் கடலில் இராது. எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்து அண்ணாந்து பார்க்கும். வழிகாட்டியியல் பயில இதைவிடப் பொருத்தமான பாடசாலை எம் அறிவுக்கு எட்டியவரை இல்லை.

முன்னோர் ஆய்வு

இத்துறையின் முதலாசிரியர் அகத்தியர். பொன்னேரியில் அவர் பெயரால் அகத்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. உலகம் வடக்கே தாழ்ந்தபோது தெற்கே நடந்து வந்து அதை நிமிர்த்தினார் என்பது புராணம். கையில் கருவி ஏதும் இருந்ததாகக் குறிப்பில்லை, கமண்டலம் மட்டும். ஆனால் அவர் பெயர் தாங்கிய விண்மீனை விண்கலங்கள் இன்றும் கைவிடவில்லை. 1964இல் செவ்வாயை நோக்கிப் போன மரைனர் 4, தன் நிலையைச் சரிபார்த்துக்கொள்ள நம்பியிருந்தது அகத்திய மீனைத்தான். முதலில் வேறு சில விண்மீன்களை அவர்தாம் என்று எண்ணிப் பிடித்துக்கொண்டு, பிறகே சரியான ஆளைக் கண்டது. அதன்பின்னும் தூசு குறுக்கே பறந்தால் தடுமாறியது. தூசு பறந்தால் வழி தப்புவது பொன்னேரிச் சாலைக்கு மட்டும் உரிய குறையன்று என்பதற்கு இது சான்று.

அடுத்தவர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைப் பக்கம் ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி பிடித்து அளந்து, இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக வெட்டும் வேலையைத் தொடங்கியவர். அவருடைய கோணமானி அரை டன் எடை. வண்டியின் ஹேண்டில்பாரில் அதைப் பொருத்த இயலாது என்பது வெளிப்படை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. மனிதர் சோர்ந்துவிடாமல் பல வாரம் உட்கார்ந்து தாமே அதைத் தட்டி நிமிர்த்தினார். கருவியைவிட அதைத் தாங்கும் பிடிமானமே முக்கியம் என்ற கொள்கை தமிழ்நாட்டில் அன்றே நிறுவப்பட்டுவிட்டது. இன்று ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கருவியை வாங்கிவிட்டு, பிடிமானத்துக்கு நடைபாதைக் கடையில் பேரம் பேசுகிறவர்கள் தஞ்சாவூரை நினைக்க.

டச்சுக்காரர்களையும் விடக்கூடாது. 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையில் தங்களுக்கிருந்த இடங்களை அங்கிருந்தே ஆண்டார்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து கப்பலேறி, ஆப்பிரிக்காவைச் சுற்றி, இந்த ஆழமில்லாத ஏரியின் வாயைச் சரியாகக் கண்டுபிடித்து வந்த கூட்டம் அது. அதே ஆம்ஸ்டர்டாமில் 1991இல் தொடங்கிய டாம்டாம் நிறுவனம் மோட்டார் சைக்கிளுக்கென்றே வழிகாட்டுக் கருவி செய்து விற்றது. இந்த ஒற்றுமை தற்செயலே என்பார் சிலர். பழவேற்காட்டில் கோட்டை இடிந்து முள் மண்டிக் கிடக்க, டச்சுக் கல்லறைகள் மட்டும் எழுத்து அழியாமல் நிற்பதைப் பார்த்தால், வழி தெரிந்து வந்தவர்களும் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பது விளங்கும்.

கருவிகளின் வகையும் குற்றமும்

முதல் வகை, கைபேசி. எவரிடமும் உள்ளது, செலவில்லை. குற்றங்கள் நான்கு. சித்திரை வெயிலில் சூடேறித் திரை மங்கும். மழைத்துளி விழுந்தால் விரல் பட்டதாக எண்ணித் தானே ஊர் மாற்றும். கையுறையை மதிக்காது. நான்காவதுதான் பெரிது: வண்டியின் அதிர்வு. பெரிய எஞ்சின்களின் அதிர்வு கேமராவின் உள்ளுறுப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. அந்த எச்சரிக்கையை எழுதியவர்கள் ஒற்றை சிலிண்டர் புல்லட்டில் மீஞ்சூர் வழியாக வந்தவர்களாக இருக்கவேண்டும் என்று ஊகிக்கிறோம், சான்றில்லை.

இரண்டாம் வகை, இதற்கென்றே செய்த கருவி. கார்மின் நிறுவனத்தின் சூமோ வரிசை எடுத்துக்காட்டு. வெயிலிலும் தெரியும் திரை, கையுறைக்கு இணங்கும் தொடுதல், வண்டி பேட்டரியிலிருந்தே மின்சாரம், சிக்னல் இல்லாத இடத்திலும் உள்ளே சேமித்த வரைபடம். கேரி, மின் என்ற இருவரின் பெயரைச் சேர்த்ததே கார்மின். தமிழ்க் காதுக்குக் கருநிற மீன் ஒன்று நீந்துவதுபோல் கேட்கும். தமிழகக் கடலோரத்தில் மீனவர் பலருக்கு இப்பெயர் வண்டிக்காரர்களுக்கு முன்பே பழக்கம், கைக்கடக்கமான ஜி.பி.எஸ். பெட்டி வடிவில். இவ்வகைக் கருவிகளில் பலவும் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் தரத்தவை. பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழமும் ஏறத்தாழ ஒரு மீட்டரே. ஆகவே ஏரியில் கருவி விழுந்தால் பதற்றமின்றித் தேட முப்பது நிமிடம் உண்டு என்று கொள்க. அந்தச் சோதனையை நல்ல தண்ணீரில்தான் செய்வார்கள், ஏரியோ உப்புக் கரிக்கும் என்பாருக்கு விடை: உண்மை, பத்து நிமிடத்தில் தேடி எடுத்துவிடுக.

மூன்றாம் வகை, வண்டியோடு பிறந்தது. ராயல் என்ஃபீல்டு 2020இல் மீட்டியோரில் வைத்த டிரிப்பர் இவ்வகை: கடிகாரம் போன்ற சிறு வட்டம், அதில் அம்புக்குறி, எத்தனை மீட்டரில் திரும்பவேண்டும் என்ற எண். வரைபடமே கிடையாது. எமக்கு இதன்மேல் மரியாதை உண்டு. தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் கருவி அபூர்வம்.

நான்காம் வகை, பின்னிருக்கையில் உட்காரும் மச்சான். இதைப் பற்றிக் களப்பணியில் காண்க.

எந்த வகையானாலும் உள்ளே நடப்பது ஒன்றே: மணி பார்த்தல். கோளின் அணுக்கடிகாரம் சொன்ன நேரத்துக்கும் நமக்கு அது வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியே தூரம். நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் 30 சென்டிமீட்டர் பிசகும். இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று கோள் போதும். நம் கையிலுள்ள மலிவுக் கடிகாரம் சொல்லும் பொய்யைத் திருத்த நான்காவது கோள் வேண்டும். கைவிடுவது நம் கடிகாரம் மட்டும் என்று நினைக்கவேண்டாம். நாவிக்கின் முதல் கோளில் வைத்த மூன்று அணுக்கடிகாரங்களும் நின்றுபோயின. அதற்கு மாற்றாக 2017இல் அனுப்பியதன் வெப்பக் கவசம் திறக்கவில்லை. 2025 ஜனவரியில் ஸ்ரீஹரிகோட்டாவின் 100ஆவது ஏவுதலில் போன வழிகாட்டுக் கோள், போகவேண்டிய வட்டப்பாதைக்குப் போய்ச் சேரவில்லை. வழிகாட்டிகளும் வழியில் நிற்பதுண்டு. அவர்கள்மேல் எமக்குக் குறையில்லை, நாங்களும் நின்றிருக்கிறோம்.

திணை விளக்கம்

பொன்னேரி ஆரணி ஆற்றங்கரை, வயல்வெளி, மருதம். பழவேற்காடு நெய்தல். இரண்டுக்கும் நடுவே சாலையில் வரும் ஊரின் பெயர் திருப்பாலைவனம். மருதத்திலிருந்து நெய்தலுக்குப் போக அரை மணி நேரம் பாலையைக் கடக்கவேண்டிய ஒரே தார்ச்சாலை இதுவாக இருக்கலாம். (ஊரில் பாலைவனம் ஏதுமில்லை, பாலீஸ்வரர் கோயில் இருக்கிறது.)

தொல்காப்பியம் முதற்பொருளை இரண்டாகச் சொல்லும்: நிலமும் பொழுதும். கருவி விற்பவர்கள் இதில் ஒன்றை மட்டும் விற்கிறார்கள் என்பதே இவ்வாய்வின் மையக் கருத்து. நொடியைக் கோடியாக அறுத்து நேரம் பார்க்கும் அந்தப் பெட்டிக்கு நேரம் தெரியும், பொழுது தெரியாது. இது சொல் விளையாட்டன்று. ஏரியின் பரப்பு நீர் ஏறினால் 450 சதுர கிலோமீட்டர் வரை விரியும் என்றும், இறங்கினால் 250க்குச் சுருங்கும் என்றும் சொல்வார்கள். முகத்துவாரம் மணல் மூடினால் கடல் உள்ளே வராது. திறந்தால் நாளுக்கு இருமுறை வரும், மறுநாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதமாக வரும். வரைபடத்தில் ஏரி ஒரே நீலம், ஒரே ஓரம்.

களப்பணி

ஒரு ஞாயிறு காலை புறப்பட்டோம். ஹேண்டில்பாரில் என் கைபேசி, அதன் பக்கத்தில் நண்பரிடம் இரவல் வாங்கிய கருவி, பின்னால் மச்சான், மச்சான் கையில் மச்சானின் கைபேசி. பழவேற்காட்டை 'புலிகேட்' என்றே தலைக்கவசத்துக்குள் ஒரு பெண்குரல் சொல்லிக்கொண்டு வந்தது. புலியும் காணோம், கேட்டும் காணோம்.

ஏரியோரக் குப்பம் ஒன்று எங்கள் இலக்கு. தார்ச்சாலை விட்டுப் பிரியும் ஒரு மண்பாதையை மூன்று கருவிகளும் ஒருமித்துக் காட்டின. அறிஞர் மூவர் ஒரே கருத்துச் சொன்னால் அங்கே எச்சரிக்கை வேண்டும் என்பது எமக்கு அப்போது தோன்றவில்லை. பாதை முனையில் மீன்கூடையை இறக்கிவைத்து நின்றிருந்த பெண்மணி கேட்டார்:

“எங்க தம்பி போறீங்க?”

“குப்பத்துக்குக்கா.”

“இதுல போவாதீங்க. தண்ணி ஏறுற நேரம். சுத்திக்கினு போங்க, இல்லாட்டி சாயங்காலமா வாங்க.”

மச்சான் கைபேசியை நீட்டினான். “மேப்புல வழி இருக்குதேக்கா.”

அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “மேப்புல இருக்கும். இப்ப இல்ல.”

இத்துறையில் நான் படித்த எதிலும் இவ்வளவு சுருக்கமான மறுப்புரை இல்லை. ஆனாலும் ஆய்வு நேர்மை கருதிப் போனோம். 2024 தொடக்கத்தில் கூடலூரில் வரைபடத்தை நம்பி ஒரு கார் படிக்கட்டில் இறங்கி நின்ற செய்தியைப் படித்துச் சிரித்தவன் நான். நானூறு மீட்டரில் முன்சக்கரம் சேற்றில் அச்சுவரை இறங்கியது. “மாமா, இன்னும் நூறு மீட்டர்ல ரைட் எடுக்கணும்” என்றான் மச்சான். வலப்பக்கம் ஏரி இருந்தது. இடப்பக்கமும் இருந்தது.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த நால்வர் வந்து கயிறு கட்டி இழுத்தார்கள். தஞ்சாவூர்க் கயிறுபோல் அறுந்துவிடவில்லை.

பெரியவர் ஒருவர் டீ வாங்கித் தந்து விசாரித்தார். எங்கள் கருவிகளைப் பார்த்துவிட்டு, எது எத்தனை ரூபாய் என்று கேட்டார். பிறகு பேச்சு 'பாடு' பக்கம் போனது. பாடு என்பது இங்கே இறால் பிடிக்கும் இடத்தையும், அங்கே வலை போடும் முறையையும் சேர்த்துக் குறிக்கும் சொல். எந்த நாளில் எந்த ஊரார், எந்த இடத்தில் சுத்து வலை கட்டுவது என்று தலைமுறை தலைமுறையாக முறை வைத்துப் போகிறார்கள். (முறையில் சேராதவர்களும் ஏரியில் உண்டு, அந்தச் சச்சரவு தனி ஆய்வுக்கு உரியது, அதில் பகடி செய்ய ஒன்றுமில்லை.) எம் ஆய்வுக்கு வேண்டியது இதுதான்: பாட்டில் இடம் மட்டும் தெரிந்தால் ஒரு பயனும் இல்லை. இன்று யார் முறை, நீர் எப்போது ஏறும், வாடை எப்படி அடிக்கிறது எல்லாம் சேர்ந்தால்தான் அது இடம். நெய்தலுக்குத் தொல்காப்பியம் சொன்ன சிறுபொழுது எற்பாடு, பொழுது சாயும் நேரம். அந்தச் சொல்லுக்குள்ளும் ஒரு பாடு ஒளிந்திருப்பதைச் சொற்பிறப்பியலார் எப்படியும் மறுப்பார்கள், மறுக்கட்டும்.

பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்க்க ஒரு நிழல் கடிகாரம் உண்டு. எதிர்க்கரையில் 1859 முதல் கலங்கரை விளக்கம் உண்டு. ஒன்று இப்போது என்ன பொழுது என்று மட்டும் சொல்லும். மற்றது இங்கே நான் இருக்கிறேன் என்று மட்டும் சொல்லும். இரண்டையும் ஒரே பெட்டியில் அடைக்கும் நிறுவனம் இன்னும் பிறக்கவில்லை. ஒக்கிப் புயலுக்குப் பின், 2019இல், மீனவர்களுக்கென்று வந்த ஜெமினி கருவி ஓரளவு நெருங்கியது: அலை, காற்று, புயல் எச்சரிக்கையைச் செயற்கைக்கோள் வழியே நடுக்கடலுக்குக் கொண்டுவரும். ஆனால் அது சொல்லும், கேட்காது. ஆபத்தில் இருப்பவர் அதன் வழியே கரைக்கு ஒரு சொல் அனுப்ப முடியாது. ஊரில் அப்படிப்பட்ட பெரியவர்கள் நிறைய.

ஆய்வின் வரம்புகள்

ஒரே வண்டி, ஒரே மச்சான். இரவல் கருவியைச் சேறு துடைத்துத் திருப்பிக் கொடுத்தாயிற்று. நண்பர் இன்னும் பேசவில்லை. வாங்கித்தான் ஆகவேண்டும் என்பவர்க்கு எம் பரிந்துரை: ஊர் தாண்டி, மாநிலம் தாண்டிப் போகிறவர் தனிக்கருவி வாங்குக, சென்னையைச் சுற்றி ஓட்டுகிறவர் கைபேசிக்கு நல்ல பிடிமானமும் அதிர்வு தாங்கியும் மழையுறையும் வாங்குக, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்க. பழவேற்காட்டுக்குப் போகிறவர் மீன்கூடையோடு நிற்பவர் யாரேனும் இருக்கிறாரா என்று பார்த்து வண்டியை நிறுத்துக.

மாலை ஐந்தரைக்குத் திரும்பினோம். பெரியவர் வேறொரு வழி காட்டினார். ஏரியோரமாகவே, நீர் வடிந்து இறுகிய மணல்மேல், நேராகத் தார்ச்சாலைக்கு. சக்கரம் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. தூரத்தில் பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்றிருந்தன. மச்சான் பின்னாலிருந்து கைபேசியைக் காட்டினான். அதில் எங்கள் புள்ளி நீலத்தின் நட்டநடுவே போய்க்கொண்டிருந்தது; பெண்குரல், முடிந்தால் உடனே திரும்பும்படி கெஞ்சிக்கொண்டிருந்தது.