உன்னைய நம்பாத டயரு

வா கண்ணு. வண்டியக் கொண்டாந்து தென்ன மரத்தடியிலயா நிறுத்துவே? ஒரு நெத்து விழுந்துச்சுன்னா பானெட்டு பள்ளமாயிரும். அப்பறம் அப்புச்சி மரந்தான் குத்தம்னு உங்கப்பன் பேச்செடுப்பான். கொஞ்சம் அக்கட்ட தள்ளிப் போடு.

பிஎம்டபிள்யூ த்ரீ சீரிஸ், எம் ஸ்போர்ட்டு. காலையிலிருந்து நாலு தடவ சொல்லிட்டே. ஜெர்மன்காரன் வண்டின்னு வேற. பேருதான் சாமி ஜெர்மன்காரனுது. பூட்டறது செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா சிட்டியில. 2007ல அந்தப் பட்டறையத் தொறந்தப்ப மொத மொதல்ல வெளிய வந்ததே இந்த த்ரீ சீரிஸ்தான். பேப்பர் படிக்கறதுக்குத்தான் எனக்குக் கண்ணாடி. நீ நெனைக்கற மாதிரி தூங்கறதுக்கில்ல.

சரி, டயருக்கு வருவோம். முன்னால ஒரு அளவு, பின்னால ஒரு அளவு. "இதுக்குப் பேரு ஸ்டேக்கர்டு அப்புச்சி, உங்களுக்குச் சொன்னாப் புரியாது"ன்னே. வாஸ்தவந்தான். எனக்கென்ன புரியும்? முப்பது வருசம் டிராக்டர் ஓட்டினவன். அதுல முன்னால 6.00-16, பின்னால 13.6-28. முன்னால இருக்கறது திருப்பறதுக்கு, பின்னால இருக்கறது தள்ளறதுக்கு. அந்த ஸ்டேக்கர்டு இப்ப களத்து மேட்டுல நிக்குது. சீட்டு மேல கோழி அடைஞ்சுட்டுக் கெடக்குது, போய்ப் பாரு.

நீ போன்ல கூட்டாளிகிட்ட அளந்துட்டிருந்ததையும் கேட்டேன். "பின் டயரு ஒசரம் மச்சி, அதனாலதான் வண்டி பாயற மாதிரி நிக்குது." ஏங்கண்ணு, குனிஞ்சு ஒரு தடவை டயர்ல எழுதியிருக்கறதப் படிச்சயா? நான் படிச்சேன். முன்னால 225/45 ஆர்18. பின்னால 255/40 ஆர்18. உங்க அமுச்சியோட பால் கணக்கு நோட்டு பின்னட்டையில போட்டுப் பார்த்தேன். மொத எண்ணு அகலம், மில்லிமீட்டர்ல. ரெண்டாவது எண்ணு ஒசரமில்ல சாமி, அந்த அகலத்துல நூத்துக்கு இத்தன பங்கு பக்கச் சுவரு நிக்கோணும்ங்கற கணக்கு. 225ல நூத்துக்கு 45, நூத்தியொண்ணேகால். 255ல நூத்துக்கு 40, நூத்தி ரெண்டு. ரிம்மு ரெண்டுக்கும் 18 இஞ்சி. மேலயும் கீழயும் சேர்த்துக் கூட்டினா முன் டயரு 659.7 மில்லி, பின் டயரு 661.2 மில்லி. ஒண்ணரை மில்லிதான் வித்தியாசம். ஒரு ரூபாக் காசக் கீழ வெச்சுட்டு அது மேல ஏறி நின்னு, நான் வளந்துட்டேன்னு சொல்றவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?

ஒசரம் ஒண்ணுதான். அகலந்தான் முப்பது மில்லி கூட. அது எதுக்குன்னு கேட்டா, "பவரு அப்புச்சி"ங்கற. பாதி சரி. இந்த வண்டியில இஞ்சின் முன்னால இருந்தாலும் தள்ளறது பின் சக்கரம். ஆக்சிலேட்டர மிதிச்சா உன்ற முதுகு சீட்டுல ஒட்டுதல்லோ, அதே மாதிரி வண்டியோட பாரமும் பின்னால சாயுது. அந்த நேரத்துல பின் டயரு வழுக்காமப் பிடிக்கோணும். அதுக்கு அகலம்.

மீதிப் பாதிய உனக்கு ஆரும் சொல்லியிருக்க மாட்டாங்க. சொன்னா வண்டி விக்காதல்லோ. வளைவுல வேகமாப் போறே. முன்னால பிடி விட்டுச்சுன்னா வண்டி ஸ்டீயரிங் பேச்சக் கேக்காம நேரா இழுத்துட்டுப் போகும். பயந்துபோய்க் கால எடுப்பே. வேகம் கொறையும், முன் சக்கரம் திரும்பப் பிடிக்கும், பொழச்சுக்குவே. அதுவே பின்னால மொதல்ல விட்டுச்சுன்னு வெய்யி, வாலு சுத்தும். கால எடுத்தா பாரம் முன்னால ஓடி இன்னும் சுத்தும். அதச் சமாளிக்கறதுக்கு ரேஸ்காரன் கை வேணும். அதனால பின்னால அகலம் போட்டு, "விடறதா இருந்தா முன்னாலயே மொதல்ல விடட்டும்"னு வெச்சிருக்கறான் அந்த இஞ்சினீரு. வண்டி ஸ்போர்ட்டுதான். ஆனா ஓட்டறவன நம்பி அந்த டயரப் போடல கண்ணு.

இதுல ஒரு கூத்து இருக்குது, இங்க வா, வெரல வையி. முன் டயர்ல காடி நல்லா ஆழமா இருக்குதா? இப்பப் பின்னால தடவு. காடிக்குள்ள குறுக்கால ஒரு மேடு தெரியுதா? அது 1.6 மில்லி. டயரு தேஞ்சு அந்த மேட்டோட சமமாயிருச்சுன்னா சட்டப்படி அந்த டயரு செத்துப்போச்சு. உன்றது சாகக் கெடக்குது. தள்ளற சக்கரம் சீக்கிரம் தேயும். முன்னதப் பின்னால மாத்திப் போட்டுச் சமாளிக்கலாம்னா அளவு சேராது. அதுலயும் நீ சிக்னல்ல எல்லாம் கிறீச்சுனு எடுக்கறவன். உன்னையப் பிடிச்சு நிறுத்தறதுக்குப் போட்ட டயரையே மொதல்ல மொட்டையடிச்சு வெச்சிருக்கறே. மழை பேஞ்சா அகல டயருதான் தண்ணி மேல சீக்கிரம் மிதக்கும், அதுவும் மொட்டையாயிருந்தா கேக்கவே வேண்டாம். நீ போகப் போறது வால்பாறைக்கு. ஆழியாறு தாண்டினா நாப்பது கொண்டை ஊசி.

டயர் கடைக்காரன் ஏதோ யோசனை சொன்னானாமல்லோ? நாலுக்கும் 225 போட்டுட்டாப் பணம் மிச்சம், சுத்திச் சுத்தி மாத்திப் போட்டுக்கலாம்னு. மிச்சந்தான், நான் இல்லைங்கல. ஆனா பின்னால இருந்த முப்பது மில்லியக் கழட்டினா வாலு லேசாயிரும். அப்பறம் நீ அந்த ரேஸ்காரன் ஆகோணும். ஆவயா? போன வாரம் மாட்டு வண்டிய ரிவர்ஸ் எடுக்கச் சொன்னதுக்கு வேலியில விட்டவன்.

பின்னால ரெண்டு மட்டும் அதே 255ல புதுசு வாங்கிப் போடு. கழட்டின ரெண்டையும் கடையிலயே விட்டுட்டு வந்துராதே, கன்னுக்குட்டிக்குத் தீவனச் சட்டி ஆடாம வெக்கறதுக்கு ஆகும்.

புது டயரு போட்டதும் வால்பாறைக்கு நானும் வாறேன், அமுச்சியும் வருவா. நான் முன்னால உக்காந்துக்கறேன். அமுச்சி பின்னாலயே இருக்கட்டும், பின்னால பாரம் விழுந்தாத்தான் டயரு நல்லாப் பிடிக்கும்னு சொல்லிரு. நீ சொன்னதாவே சொல்லு, நான் சொன்னேன்னு சொல்லிப்போடாதே.