முன்னாள் மாணவர் மெய்க்கீர்த்தி: தாம்பரம் வட்டார வழக்கு பற்றிய ஒரு விசாரணை

1. எல்லையும் பொருளும்

ஒரு கல்லூரியில் ஒன்றாகப் படித்து வெளியேறியோர், தமக்கு வாய்த்த வேலை, திருமணம், மகப்பேறு, புதுமனை, பதவி உயர்வு, பணி ஓய்வு முதலியவற்றை உடன் படித்தோர்க்கு அறிவிக்கும் சிறு செய்தி இக்கட்டுரையில் ‘நிலையறிக்கை’ எனப்படும். ஆய்வின் எல்லை தாம்பரம் மாநகராட்சியும் அதன் தெற்கே ஜி.எஸ்.டி. சாலை போகும் வரை வீட்டுமனை விற்கும் ஊர்களுமாகும். சிறப்புக் களமாக, குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949இல் நிறுவி, 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, அதாவது ஊர் வழக்கில் எம்.ஐ.டி., தேர்ந்துகொள்ளப்பட்டது. விமானவியல், ஆட்டோமொபைல், மின்னணுவியல், கருவியியல் என நான்கே பிரிவுகளோடு தொடங்கிய சிறு கல்லூரி அது. பெரிய கல்லூரியில் படித்தவர் தம்மைப் பற்றி எதையும் எழுதித் தப்பலாம் என்பதும், சிறு கல்லூரியில் படித்தவரின் அரியர், அதாவது எழுதித் தேறாமல் நின்ற தாள், எத்தனை என்பது வகுப்பு முழுவதற்கும் மனப்பாடம் என்பதுமே இத்தேர்வுக்குக் காரணங்களாம்.

2. மரபு

நிலையறிக்கையின் மூலத்தை மேலைநாட்டில் தேடுவோர் வீணே அலைகின்றனர். 985இல் பட்டமேறிய முதலாம் இராசராசன், தன் வெற்றிகளைக் கல்வெட்டின் தொடக்கத்தில் அடுக்கிக் கூறும் மெய்க்கீர்த்தி என்னும் பகுதியை வழக்குக்குக் கொண்டுவந்தான். ஆட்சியாண்டு ஏற ஏறப் புதிய நாடுகள் சேர்ந்து அது நீண்டுகொண்டே போனதால், மெய்க்கீர்த்தியின் நீளத்தைக் கொண்டே கல்வெட்டின் காலத்தை ஆய்வாளர் கணிக்க முடிகிறது. நிலையறிக்கையும் அவ்வாறே, ‘ட்ரெய்னி’ என்ற ஒரு சொல்லில் தொடங்கியது இருபது ஆண்டுகளில் பதவி, பிரிவு, கண்டம், பொறுப்பிலுள்ள ஆட்களின் தொகை என விரிகிறது. தோல்வியைக் கூறாமை இரண்டுக்கும் பொதுவிலக்கணம். வேலை போனவர் ‘புதிய வாய்ப்புகளை எதிர்நோக்கியிருக்கிறார்’ என்றே எழுதப்படுவார்.

3. பருவங்கள்

பிள்ளைத்தமிழ் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுக்கிறது. பட்டதாரியின் வளர்ச்சிக்கும் அவ்வகுப்பு பொருந்துவதால் புதிய கலைச்சொற்கள் தேவைப்படவில்லை. குழந்தையைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டும் காப்புப் பருவம் கேம்பஸ் நேர்முகத்தைக் குறிக்கும். முத்தப் பருவம் திருமணமாகும். பெயர்ப் பொருத்தம் கருதி விளக்கம் விடப்பட்டது. தாலாட்டுக்குரிய தாலப் பருவம் மகப்பேறு. அம்புலிப் பருவம் அமெரிக்க விசா. புலவர்கள் நிலவைச் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களாலும் அழைப்பர்; விசா வேண்டுவோர்க்கோ தானம் ஒன்றே கைகூடுகிறது, அதுவும் திரும்பி வராத கட்டணமாக. மணல்வீட்டைச் சிதைக்க வேண்டாமெனச் சிறுமியர் இறைஞ்சும் சிற்றில் பருவம் இங்கே வீட்டுக்கடனாகிறது. இறைஞ்சுதல் வங்கியை நோக்கியது. சிறுபறை பதவி உயர்வு, தன் பறையைத் தானே கொட்டுதலால். சிறுதேர் முதல் கார். கடைசி மூன்று பருவங்களும் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் வேறு என்பது பழைய விதி. இவ்வட்டாரத்தில் பெண்பாலாரும் தம் பெயரிலேயே வீடும் தேரும் வாங்குவதால் அவ்விதி வழக்கொழிந்தது.

4. நிலவியல்

சிற்றில் பருவத்து அறிக்கைகளில் இடப்பெயர் நெகிழும். ‘தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளாட்’ என்று அறிவித்தவரின் கிரகப்பிரவேசத்துக்கு மின்ரயிலில் செல்வோர், தாம்பரத்தில் இறங்க எழுந்து, அழைப்பிதழைப் பார்த்து மீண்டும் உட்கார்ந்து, பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் ஆகியவற்றையும் கடந்து கூடுவாஞ்சேரியில் இறங்குகின்றனர். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஆகவே ‘பக்கத்தில்’ என்பது தூரத்தையன்று, வாங்கியவரின் விருப்பத்தைக் குறிக்கும் இடைச்சொல் எனக் கொள்க.

5. பொதுச் சொத்தான பெருமை

தன் சாதனை போதாதபோது கல்லூரியின் சாதனை கடனாகப் பெறப்படுகிறது. அப்துல் கலாமும், எழுத்தாளர் சுஜாதா என அறியப்பட்ட ரங்கராஜனும், 1980இல் விமானவியல் முடித்துப் பின்னர் இஸ்ரோ தலைவரான கே. சிவனும் எம்.ஐ.டி. மாணவர்கள் ஆதலால், அக்கல்லூரியார்க்கு இக்கடன் வரம்பு சற்று உயர்வு. பிரிவுபசாரக் குழுப்படம் எடுக்கையில், மூன்றாம் வரிசையில் நின்ற தம்மைப் பேராசிரியர் ஸ்பாண்டர் அழைத்து, ஆசிரியர்கள் அமர்ந்த முன்வரிசையில் தம்மோடு உட்காரவைத்ததைக் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் நினைவுகூர்கிறார். பிற கல்லூரிகளின் குழுப்படங்களில் கடைசி வரிசையில் பாதித் தலை மட்டும் தெரிய நிற்போர் இச்செய்தியை ஆறுதலாகக் கொள்வது பிழையாகாது.

கிழக்குத் தாம்பரத்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியார் முன்வைக்கும் வழக்கு இதனினும் நுண்ணியது. அவர்கள் முதலில் எண்ணும் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அங்கு பயின்ற காலத்தில் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது. அது தாம்பரத்துக்கு வந்தது 1937இல். ஆயினும் அவர் தாம்பரத்து மாணவராகவே பேசப்படுகிறார். கல்லூரி இடம் பெயரும்போது அதன் முன்னாள் மாணவரும் உடன் பெயர்வர் என்பது இதனால் பெறப்படும் விதி.

6. மறுமொழி இலக்கணம்

நிலையறிக்கைக்கு வரும் மறுமொழிகள் வினா வடிவில் அமைவதே பெரும்பான்மை. நன்னூல் கூறும் அறுவகை வினாக்களுள் ‘மச்சி, ட்ரீட் எப்போ?’ என்பது கொளல் வினா. வேலை போன செய்தி தெரிந்தபின் ‘இப்போ எந்த கம்பெனி?’ என்பது அறிவினா. தன் மகள் நீட் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற மறுநாள் ‘உன் பையன் எவ்வளவு?’ என்று கேட்பது எவ்வகை என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர். கேட்டவர்க்கு விடை தேவையில்லை என்பதில் மட்டும் அவர்கள் ஒன்றுபடுவர்.

7. முடிபு

மேற்கூறிய எவ்விலக்கணத்துக்கும் அடங்காத அறிக்கை ஒன்று உண்டு: ‘அப்பா தவறிட்டார். சேலையூர் வீடு. நாளைக் காலை பத்து மணிக்கு எடுக்கிறோம்.’ இதில் அடைமொழி இல்லை, பதவி இல்லை, இடப்பெயரில் நெகிழ்ச்சியும் இல்லை. பதவி உயர்வுக்கு வாழ்த்தே அனுப்பாதவரும், ட்ரீட்டுக்கு ஒருபோதும் வராதவரும் மறுநாள் ஒன்பதரைக்கே வந்து, செருப்புகளை ஓரமாக ஒதுக்கிவைத்து, நாற்காலி போட்டுக்கொண்டிருப்பது களத்தில் காணப்பட்டது. வந்தோருள் பலர் பல ஆண்டுகளாகத் தம்மைப் பற்றி ஒரு வரியும் எழுதாதவர்கள். எனவே நிலையறிக்கை எழுதாமையைத் தேர்ச்சியின்மைக்குச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் ஆதாரமற்றது எனத் தள்ளப்படுகிறது.

சொல்லத்தக்க சாதனை இல்லையென்று ஒதுங்கியிருப்போர்க்கு இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றே: பெயர், பிரிவு, முடித்த ஆண்டு, இப்போது இருக்கும் ஊர் ஆகிய நான்கையும் எழுதி அனுப்புக. சிறு கல்லூரியில் படித்தவர்க்கு அதற்குமேல் அறிமுகம் தேவையில்லை.