சாதி தடையில்லை!

எல்லா மதத்தினரும் ஒரே பக்கம் நின்றதுண்டா?

உண்டு. தன்பாலின உறவு குற்றமல்ல என்று 2009ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதும், மேல்முறையீட்டில் முதல் பெயர் ஒரு ஜோதிடருடையது. முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமும் கிறிஸ்தவ அமைப்புகளும் கூடவே வந்தன. 2013ல் வெற்றி, 2018 செப்டம்பர் 6ல் அதுவும் போனது. ஜாதகத்தில் இருந்ததோ என்னவோ!

தன்பாலின உறவே மேல்நாட்டு இறக்குமதிதானே?

இறக்குமதியானது அதைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு. 1860ல் பிரிட்டிஷார் எழுதியது. மனுஸ்மிருதி ஆண்களுக்கு விதித்த பரிகாரம், உடுத்திய துணியோடு ஒரு குளியல். பெண்களுக்குத்தான் விரலை வெட்டும் அளவுக்குக் கோபம்.

பிள்ளை உண்மையைச் சொன்னால் பெற்றோர் எங்கே ஓடுவார்கள்?

கோயிலுக்கு, டாக்டரிடம், சில சமயம் போலீசுக்கு. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரு பெண்களைக் காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுத்தார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், விஷயம் புரிய உளவியல் நிபுணரிடம் தாமே போய் உட்கார்ந்தார். 'குணப்படுத்தும்' சிகிச்சைகளுக்கு 2021 ஜூனில் தடை போட்டார்.

மகனுக்கு மாப்பிள்ளை தேடிய தாய் உண்டா?

மும்பையில் உண்டு. 2015ல் பத்திரிகை விளம்பரமே கொடுத்தார்: சாதி தடையில்லை, ஆனாலும் ஐயர் என்றால் விசேஷம்!

கல்யாணச் சாப்பாடு எப்போது?

இலை போடவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திருமண உரிமையை ஏற்கவில்லை. கல்யாணம் இல்லாமலும் குடும்பம் அமையலாம் என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.