ஸ்கோர் நோட்டில் ஏறாதவை

பந்து பிடிக்கத் தெரியாதவனை எங்கே நிறுத்துவார்கள் என்பது தெருவில் கிரிக்கெட் ஆடிய எல்லாருக்கும் தெரியும். பந்து அதிகம் வராத மூலையில். அறுவடை முடிந்ததும் எங்கள் ஊர் ஏலாவில் நடக்கும் ஆட்டங்களில் அந்த மூலை, வாய்க்கால் வரப்பை ஒட்டிய ஃபைன் லெக். பள்ளிக்கூட நாள் தொட்டுக் கல்யாணம் ஆகும்வரை அதுதான் என் நிரந்தர முகவரி. அங்கே சும்மா நின்றேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. உலகத்தின் தலைசிறந்த பவுண்டரி ஃபீல்டர்கள் யார் யார் என்று தரவரிசை போட்டுக்கொண்டிருந்தேன். தனக்கு வராத வித்தையில் அடுத்தவருக்கு மார்க் போடுவது தனி சுகம். வயல் போய் வாழையும் ரப்பரும் வந்த பிறகும் அந்தச் சுகம் மட்டும் என்னை விடவில்லை.

என் விதி கறாரானது. எல்லைக் கோட்டோரம் காட்டிய வித்தை மட்டுமே கணக்கு. ஆகவே பாயிண்டில் நின்ற ஜான்டி ரோட்ஸ் வெளியே. 1993-ல் பம்பாயில், ஒரே ஒருநாள் ஆட்டத்தில் 5 கேட்ச் பிடித்தவர்தான், இருந்தாலும் வெளியே. ஃபார்வர்ட் ஷார்ட் லெக்கில் பேட்ஸ்மேனின் மூச்சுக்காற்று படும் தூரத்தில் நின்று, 27 டெஸ்டில் 53 கேட்ச் பிடித்த ஏக்நாத் சோல்கரும் வெளியே. இத்தனை பெரிய மனிதர்களை ஆளுக்கொரு வரியில் தள்ளுபடி செய்தபோது, மனுக்களைத் திருப்பி அனுப்பும் தாசில்தாரின் நிமிர்வு எனக்கு வந்துவிட்டது.

இந்தப் பட்டியலை எங்கள் கிளப்பின் ஓண மலரில் ஒரு பக்கம் போடலாம் என்று செயலாளர் ஒப்புக்கொண்டார். வினை அங்கே தொடங்கியது.

எங்களுடையது இரண்டு மாநிலக் குடும்பம். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அம்மா பிறந்த வீடு களியக்காவிளை தாண்டி, நாங்கள் பாறசாலைப் பக்கம். பட்டியலை முதலில் தாய்மாமனிடம் காட்டினேன்.

“கபில் இல்லாம என்னல பட்டியலு?” என்றார்.

அவர் சொல்வது 1983 ஜூன் 25, லார்ட்ஸ் மைதானத்து இறுதியாட்டம். மதன்லால் பந்தை விவியன் ரிச்சர்ட்ஸ் தூக்கி அடிக்க, கபில்தேவ் பந்துக்கு முதுகைக் காட்டி ஓடி, தோளுக்கு மேலாகப் பார்த்துப் பிடித்தார். வெறும் 183 ரன்னை வைத்துக்கொண்டு இந்தியா உலகக் கோப்பையை எடுத்தது. நான் பணிவாக, “மாமா, அவரு நின்னது உள்வட்டத்துல. கோட்டோரம் நிக்கறவங்களுக்குத்தான் பட்டியல்” என்றேன்.

“ஓடினது எங்கோட்டுல? கோட்டைப் பாத்துத்தானே?”

பதில் இல்லை. அந்த கேட்ச்சை மாமா முதலில் ‘பார்த்தது’ ரேடியோவில் என்று நினைவூட்டலாமா என யோசித்தேன். ரேடியோவில் கண்டவரோடு வாதாட முடியாது. கபிலுக்கு முதலிடம் கொடுத்துவிட்டு மரச்சீனியும் மீன்குழம்பும் சாப்பிட்டு வந்தேன். என் கறார் விதி நிலைத்து நின்றது சுமார் ஒரு மணி நேரம்.

அடுத்த வாரம் நெய்யாற்றின்கரையிலிருந்து பஸ்ஸில் வரும்போது, பக்கத்து சீட்காரரிடம் முகமது கைஃபைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். 2004 மார்ச் 13, கராச்சி. இந்தியா 349 எடுத்தும் பாகிஸ்தான் விடாமல் துரத்திக்கொண்டிருந்தது. சோயிப் மாலிக் தூக்கி அடித்த பந்துக்குக் கீழே லாங் ஆனில் ஹேமங் பதானி வந்துகொண்டிருக்கிறார். லாங் ஆஃபிலிருந்து கைஃப் பறந்து வந்து, பதானியின் மேல் மோதாத குறையாகப் பாய்ந்து பந்தை அள்ளிவிட்டார். ஆட்டம் 5 ரன்னில் நமக்கு. இது கைஃபின் பெருமையா, பதானி பிடித்திருக்க வேண்டியதைத் தட்டிப் பறித்ததா? பதானி தமிழ்நாட்டு அணிக்காரர் என்பதால் நான் அவர் கட்சி. சீட்காரர் கைஃப் கட்சி. அமரவிளை போயிற்று, உதியங்குளங்கரை போயிற்று. “கைஃப் வராவிட்டால் பதானியே சாவகாசமாகப் பிடித்திருப்பார்” என்று நான் கை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது பாறசாலையும் போயிற்று. களியக்காவிளை ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கும்போது கண்டக்டர் என் டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பதானிக்காக நான் மாநிலமே விட்டு மாநிலம் போயிருந்தேன். ஆனாலும் பட்டியலில் எழுதியது கைஃபைத்தான். இரண்டாமிடம்.

பெரிய அடி பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. எங்கள் பகுதியில் மலையாளம் பேசுகிறவர்களும் ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பட்டியலை வாங்கிப் படித்தவர், “நம்முடெ சஞ்சு எவிடே, அண்ணா?” என்றார்.

சஞ்சு சாம்சன் புல்லுவிளைக்காரர். எங்கள் தாலுகாவின் கடலோரம். பொழியூர் தொட்டு அந்தக் கரை முழுக்கக் கால்பந்து மண். சஞ்சுவின் அப்பாவும் டெல்லி அணிக்காக சந்தோஷ் டிராபி ஆடியவர்தான். அப்படிப்பட்ட ஊர்ப் பையனை நான் விட்டுவிட்டேன். “அவரு விக்கெட் கீப்பர்லா?” என்று சமாளித்தேன். அவர் பேசாமல் போனைத் திறந்து நீட்டினார்.

2020 பிப்ரவரி 2, நியூசிலாந்தின் மவுண்ட் மாங்கனூயி. ராஸ் டெய்லர் தூக்கிய பந்து மிட்விக்கெட் பக்கம் கயிற்றைத் தாண்டிப் போகிறது. சஞ்சு பின்னால் எகிறுகிறார். உடம்பு முழுக்கக் கயிற்றுக்கு வெளியே, அந்தரத்தில் மல்லாக்க. வலது கைக்குள் பந்து வந்துவிட்டது. கேட்ச் என்று ஆசைப்பட்டுப் பிடித்தபடியே விழுந்திருந்தால் சிக்ஸர். கீழே விழுவதற்குள், அந்தக் கண்ணிமைப்பு நேரத்தில், பந்தை உள்ளே எறிந்துவிடுகிறார். ஆறு போக வேண்டிய இடத்தில் இரண்டு. நான்கு ரன் மிச்சம். அன்று பேட்டிங்கில் அவர் எடுத்தது 2. இந்தியா ஜெயித்தது 7 ரன் வித்தியாசத்தில்.

வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகு அந்த ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையைத் தேடிப் படித்தேன். சாம்சன் பெயருக்கு நேரே 2 என்று மட்டும் இருந்தது. அந்த நான்கு ரன் எந்தக் கட்டத்திலும் இல்லை. பவுண்டரி ஃபீல்டரின் பிழைப்பு இதுதான். கேட்ச் பிடித்தால் ஒரு எழுத்தும் பெயரும் ஏறும். தடுத்த ரன் ஏறாது. அவர் கைக்குப் பயந்து பேட்ஸ்மேன் ஓடாமல் விட்ட இரண்டாவது ரன்னை எழுத நோட்டில் இடமே கிடையாது. எழுதப்படாத கணக்கை வைத்து முதலிடம், இரண்டாமிடம் என்று நான் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

இதை அநியாயம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அமெரிக்காவில் இருக்கும் மச்சினன் போனில் ஒத்துக்கொண்டான். அங்கே பேஸ்பாலில் இடப்பக்கம் தொலைவில் நிற்பவருக்கு லெஃப்ட் ஃபீல்டர் என்று பெயர். அந்த இடத்தில் யார் பெரியவர் என்று அங்கேயும் ஓயாத சண்டை. ஆனால் முதலில் இழுப்பது பேட்டிங் கணக்கைத்தான்: 1941-ல் .406 சராசரி எடுத்த டெட் வில்லியம்ஸ், 762 ஹோம் ரன் அடித்த பேரி பாண்ட்ஸ். ஃபீல்டிங்குக்கென்று 1957 முதல் கோல்டு குளோவ் விருதும் உண்டாம். “நம்ம ஊர்லயும் அப்படி ஒண்ணு வேணும்” என்று நான் ஆவேசப்பட்டபோது அவன் ஒரு தகவல் சேர்த்தான். மைதானத்துப் பெரிய பலகையில் ரன், ஹிட் இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கும். கோட்டை விட்டவை எத்தனை என்று எல்லார் கண்ணிலும் படும்படி எண் போடுவார்கள். யார் விட்டது என்று பெயரோடு பதிவும் ஆகும்.

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. காரணம் உண்டு.

ஒரு பூக்காலத்து இறுதியாட்டத்தில், எதிரணிக்குக் கடைசி இரண்டு ஓவர் இருக்க, நேராக என்னிடம் ஒரு பந்து வந்தது. ஓட வேண்டாம், பாய வேண்டாம், நின்ற இடத்தில் கையை விரித்தால் போதும். விரித்தேன். உள்ளங்கையில் பட்ட பந்து, வரப்பைத் தாண்டி வாய்க்காலில் குதித்தது. ‘கண்ணில் வெயில்’ என்று சைகை காட்டினேன். சாயங்கால நேரம், சூரியன் என் முதுகுப் பக்கம் இருந்தது. பள்ளிக்கூட நோட்டில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தவன் என்ன எழுதினான்? 6. அதுவும் பந்து போட்டவன் கணக்கில். பல வருஷம் கழித்து அந்த நோட்டைப் புரட்டிய பிள்ளைகள் அவனைத்தான் கேலி செய்தார்கள். அவன் இப்போது சந்தையில் வாழைக்குலை வியாபாரம். என்னைக் கண்டால் விலையை மட்டும் சொல்வான். சஞ்சுவின் நான்கு ரன்னை எழுதாமல் விட்ட அதே நோட்டுதான் என் மானத்தையும் காத்து வந்திருக்கிறது. நோட்டைத் திருத்த வேண்டும் என்கிற என் இயக்கத்தை அன்றிரவே கலைத்தேன்.

மிச்சம் இருந்தது மகளின் மனு. அவளுக்கு சூர்யகுமார் யாதவ். 2024 ஜூன் 29, பார்படாஸ், கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 16 ரன் தேவை. முதல் பந்தை டேவிட் மில்லர் தூக்க, லாங் ஆஃபில் சூர்யா ஓடி வந்து பிடித்து, கால் வெளியே போகும் முன் பந்தை மேலே போட்டு, வெளியே போய், திரும்பி உள்ளே வந்து பிடித்தார். இதுவும் 7 ரன் வெற்றிதான். “இதுல என்ன இருக்கு, ஒரு நிதானந்தானே” என்று முற்றத்தில் துணி காயப்போடும் கயிற்றைத் தரையில் நீட்டி, செய்து காட்டினேன். பந்தை மேலே போட்டேன், வெளியே போனேன், உள்ளே வந்தேன், எல்லாம் முறைப்படி. பந்து வரவில்லை. முருங்கைக் கொப்பில் சிக்கியிருந்தது. “சூர்யா முருங்கைக்குக் கீழ ஆடல்லப்பா” என்றாள். அவருக்கும் இடம் கொடுத்தேன். ஐந்தாவதாக வைத்திருந்த மைக்கேல் நேசரை, கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி.யே என் கையிலிருந்து பறித்துக்கொண்டது: எல்லைக்கு வெளியே போய், அந்தரத்தில் எழும்பிப் பந்தை உள்ளே தட்டிவிட்டு அவர் 2023-ல் பிடித்த மாதிரி கேட்ச் இனிச் செல்லாது என்று 2025-ல் விதியை மாற்றிவிட்டார்கள்.

கடைசியில் நால்வர். வரிசைதான் முடிவாகவில்லை. மாமா வந்தால் கபில் முதலிடம், பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் சஞ்சு, மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சூர்யா. அச்சகத்துக்குப் போன தாளில் எண்களை அடித்து அடித்துத் திருத்தியிருந்தேன்.

மலர் வந்தது. என் பக்கத்தின் நடுவில் கடைசி நேரத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம். நான்கு பேரையும் ஆளுக்கொரு மூலைக்கு ஒதுக்கியிருந்தார்கள். அடித்தல் திருத்தலில் எது சரி என்று விளங்காமல் எண்களை அச்சகத்தார் மொத்தமாக எடுத்துவிட்டார்கள். மாமா தன் மூலையிலிருந்து எண்ணத் தொடங்கினார், பக்கத்து வீட்டுக்காரர் தன் மூலையிலிருந்து. இரண்டு வீட்டிலும் சந்தோஷம். கமிட்டிக் கூட்டத்தில், ஒருவரையும் நோகடிக்காமல் எழுதிய நடுநிலைமையைப் பாராட்டி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் மறுப்புச் சொல்லவில்லை. நின்ற இடத்தில் தானாக வந்து கையில் விழுந்தது; இதையாவது விடாமல் பிடித்துக்கொள்வோம் என்று பிடித்துக்கொண்டேன்.