பச்சைக் குசினி அண்ணன்

55 வயதில் இ.பி.எப். பணம் கைக்கு வந்ததும் சிலருக்குக் கார் மாற்றத் தோன்றும். சிலர் மகளின் கல்யாணத்துக்கு மண்டபம் தேடுவார்கள். மலாக்கா செர்காம் பக்கத்துத் தாமான்களில் இன்னொரு வகையினரும் உண்டு. குசினியை உடைத்துக் கட்டக் கிளம்புவார்கள். சும்மா கட்டினால் மரியாதை இல்லை என்று பூமியையும் சேர்த்துக் காப்பாற்றப் பார்ப்பார்கள். இவர்களில் ஒருவரைத் தெரிந்தால் எல்லாரையும் தெரிந்த மாதிரிதான். நம்மவரைப் பச்சை அண்ணன் என்று வைத்துக்கொள்வோம்.

சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஆ ஃபாமோசா படம் போட்ட ஐஸ்பெட்டிக் காந்தம் இருந்தால் அவர்தான். காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சரியான விஷயம்தான். அன்றே வீட்டுச் சட்டி பானைக்கெல்லாம் பரீட்சை நடந்தது. இரும்புத் தோசைக்கல் பாஸ். அலுமினியச் சட்டி, பொங்கல் வைக்கும் பித்தளைப் பானை, மீன்குழம்பு மண்சட்டி எல்லாம் ஃபெயில். இப்போது கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்திக்கு முன்னால் சமையல்காரர் பக்கம் ஒதுங்கி, அண்டாவில் காந்தத்தை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார்.

"14 கிலோ கேஸ் தோங் 26 வெள்ளி 60 காசுக்கு வருதுன்னா, மிச்சத்த அரசாங்கம் போடுது. இனிமே நமக்கு அது வேணாம்" என்று அறிவித்தார்.

அவர் மனைவி, நமக்கு அக்கா, அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை. "மண்சட்டி மீன்கொழம்பு இனிமே எனக்கு வேணாம்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

செர்காம் கடல் மீனைத் தின்று வளர்ந்தவர் அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போடுவாரா? இரவோடு இரவாகத் திட்டத்தில் திருத்தம் வந்தது. உள்ளே பூமிக்காக ஒரு குசினி, பின்பக்கம் குடும்பத்துக்காக ஒரு குசினி. பின்பக்கம் இழுத்துக் கட்ட வேண்டும் என்றால் பிளான் வரைய வேண்டும், ஜாசின் நகராண்மைக் கழகத்தில் அனுமதி வாங்க வேண்டும், சிமெண்டும் கம்பியும் இரட்டிப்பாகும். அண்ணன் அசரவில்லை. கூரையில் மழைநீர்த் தொட்டி வைத்துச் சரிக்கட்டிவிடலாம் என்றார். 1991-இல் டுரியான் துங்கால் அணை வற்றி மலாக்காவே தண்ணீருக்கு அல்லாடிய கதையை அரைமணி நேரம் சொன்னார்.

அடுத்தது கெபினட். ஒட்டுப் பலகையில் இருக்கும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு ஆவி வரும், அது குறைவாக உள்ள பலகைக்கு 'ஈ-சீரோ' என்று பெயர். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவர் கெபினட் கடைக்குள் நுழைந்தால் முதலில் தலை உள்ளே போகும். மூடிய அலமாரிக்குள் கழுத்துவரை நுழைத்து மூச்சை இழுப்பார். கடைப் பையன்கள் பழகிவிட்டார்கள்.

இப்படி முகர்ந்துகொண்டே போனபோதுதான் கித்தா மரம் அகப்பட்டது. காட்டு மரம் எதையும் வெட்ட வேண்டியதில்லை. 25, 30 வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரம், மறுநடவுக்காக எப்படியும் விழப்போகிறது. அறுத்துக் காயவைத்து, பூச்சி அரிக்காமல் போரான் மருந்து ஏற்றினால் நல்ல பலகை. பக்கத்து மூவாரிலிருந்து கப்பலேறும் மேசை நாற்காலிகளில் ஏராளமானவை இந்த மரத்தில் செய்தவைதான். அண்ணன் திட்டத்திலேயே உருப்படியான பகுதி இது என்பேன். மாதிரிப் பலகையை வாங்கி வந்து தாயார் முன்னால் வைத்தார். தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி இவரைப் படிக்க வைத்தவர்.

"ம்மா, இந்த நாட்டுலயே மொத மொதல்ல வியாபாரத்துக்குக் கித்தா நட்டது நம்ம மலாக்காலதான், தெரியுமா? 1896, புக்கிட் லிந்தாங். தான் சாய் யான்னு ஒரு சீனர்."

"ஓ, அவர்தானா அது?" என்றார் கிழவி. இத்தனை காலம் தேடிய ஆளின் பெயர் கிடைத்துவிட்ட குரல். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவ்வளவு?"

விலையைச் சொன்னார்.

"லயத்துல இத வெறகா எரிச்சோம். விடியுமுன்ன எந்திரிச்சு, கொசுக்கடியில இதுல பாலு வெட்டுனேன். இப்ப காசு குடுத்து வாங்கி, இதுமேல காயும் வெட்டணுமாடா?"

கித்தா மரம் தற்காலிகமாக ஒத்திவைக்கப்பட்டது.

குப்பைச் சட்டம் அண்ணனுக்கு மனப்பாடம். 2015 செப்டம்பர் 1 முதல் மலாக்காவில் வீட்டுக் குப்பையைப் பிரித்துத்தான் போட வேண்டும், பிரிக்காவிட்டால் முதல் தடவை 50 வெள்ளி அபராதம் என்று பக்கத்து வீட்டுப் பையனை வழிமறித்துச் சொல்வார். 'சரி, உங்கள் பழைய கெபினட், உடைக்கப்போகும் சுவர், டைல்ஸ் எல்லாம் எங்கே போகும்?' என்று கேட்டுப் பாருங்கள். தெருவுக்கு வரும் குப்பை லாரி அதைத் தொடாது. "அத கொந்தரெக்டர் பாத்துக்குவான்" என்று முடித்துவிடுவார். அவருடைய பூமி பின்சந்து வேலியோடு முடிகிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அண்ணனால் இதுவரை ஒரு செங்கல் உடையவில்லை, ஒரு லாரி மண் இறங்கவில்லை. செலவானது காகிதம் மட்டும், அதுவும் பழைய நாள்காட்டியின் பின்பக்கம். திட்டம் முடிந்து வேலை தொடங்கியவர்களைப் பார்த்த பிறகு, எனக்கு இவர்மீது மரியாதை கூடியிருக்கிறது.

அவஸ்தை அக்காவுக்குத்தான். கெபினட் கதவுகளின் கீல் தளர்ந்து எத்தனையோ காலமாயிற்று. எல்லாவற்றையும் மாற்றப்போகும்போது கீலுக்கு எதற்குச் செலவு என்று அண்ணன், சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டி வைத்திருக்கிறார். அவசரத்துக்கு உப்பு எடுக்க வேண்டும் என்றால் முடிச்சு அவிழ்க்க வேண்டும்.

கெபினட் தவுக்கே பொறுமைசாலி. ஒரு வேலையும் கொடுக்காத இந்த வாடிக்கையாளருக்கும் சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சுப் பெட்டி கொண்டுவந்து, வாசலில் நின்றபடியே, "போஸ், ஜாடி கா தா ஜாடி?" என்று கேட்பார். ஆகுமா ஆகாதா என்று அவருக்கும் தெரிய வேண்டாமா? அண்ணன் பழத்தை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தோலை எடுத்துக்கொள்வார். சீனி ஒரு பங்கு, தோல் மூன்று, தண்ணீர் பத்து. மூன்று மாதம் ஊறினால் தரை துடைக்க என்ஸைம் தயார். ஆனால் போத்தலில் வாயு சேரும், மூடியை அவ்வப்போது தளர்த்திவிட வேண்டும். போன தடவை தளர்த்த மறந்தார். என்ஸைம் தானாகவே தரைக்கு வந்து சேர்ந்தது, கூரை வழியாக.

அதைத் துடைத்து முடித்த கையோடு அக்கா தவுக்கேவுக்கு போன் போட்டார். அண்ணன் ஏதோ கண்காட்சி பார்த்துவிட்டுத் திரும்பியபோது ஒரு கதவைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காகத் திறந்து மூடின. இரண்டு மூன்று முறை திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார். பிறகு நாள்காட்டித் தாளை எடுத்து, 'முதல் கட்டம் நிறைவு' என்று எழுதித் தேதி போட்டார். கடைசிக் கதவில் வேலையாக இருந்த தவுக்கேயிடம் குனிந்து, ஒரு பொருள் தூரத்திலிருந்து வந்தால் அதற்காக எவ்வளவு எண்ணெய் எரிகிறது என்று விளக்கிவிட்டு, "இந்தக் கீல் எங்கேருந்து வந்துச்சு?" என்று மலாயில் கேட்டார்.

தவுக்கே திருகாணியை இறுக்கிக்கொண்டே, "பக்கத்து மெர்லிமாவ்தான்" என்றார்.