வலது காலின் கைங்கரியம்

உதிரிபாகக் கடையில் டிஸ்க் பேட் வேண்டும் என்றால், கடைக்காரர் "முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்பது மரியாதைக்குத்தான். அதற்குள் அவர் கை பின்சக்கரத்து அட்டைப்பெட்டியை எடுத்திருக்கும்.

பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்ந்து முன்டயரைத் தரையோடு அழுத்துகிறது. அதனால் வண்டி நிற்பதில் பெரும்பங்கு முன்பிரேக்குடையது. இயற்பியல் அப்படித்தான் சொல்கிறது. நமக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது இயற்பியலா, மாமா அல்லவா? "முன் பிரேக்கைத் தொட்டுராதடா, தூக்கி அடிச்சிரும்!" அன்றிலிருந்து சிக்னலுக்கும் கால், மாட்டுக்கும் கால், வேகத்தடைக்கும் கால். ஒன்றுமே வராதபோதும் பெடல்மேல் சும்மா ஓர் இளைப்பாறல். என் வண்டியின் முன் பேட் கல்யாணப் பட்டுப்புடவை மாதிரி, எடுத்துப் பார்ப்பதோடு சரி. பின்னால் இருப்பதோ தேய்ந்து தகடாகி, இரும்போடு இரும்பு உரசிப் போட்ட கீச்சொலியில் தெருநாய்கள் எழுந்து நின்றன.

வீட்டிலேயே மாற்றிவிடுவது என்று டபுள் ஸ்டாண்ட் போட்டேன். காலிப்பரைக் கழற்றுமுன், பேட்களைக் கோத்து வைத்திருக்கும் போல்ட்டை இளக்கிவிட வேண்டும். வண்டியோடு இறுகியிருக்கும்போதே மசியாதது, காலிப்பர் கையில் வந்தபிறகா மசியும்? மழையும் சேறும் குடித்துத் துருவில் ஐக்கியமாகியிருந்தது. எலன்கீ போட்டு ஒரே நெம்பு. 'டக்!' போல்ட் இளகியதா, எலன்கீ வழுக்கியதா என்று தெரிவதற்குள் குலதெய்வம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

புதுப் பேட் தடிமன் என்பதால் துருத்தி நிற்கும் பிஸ்டனை உள்ளே தள்ளி இடம் பண்ண வேண்டும். கட்டைவிரல்களால் அமுக்க அமுக்க பிரேக் ஆயில் டப்பாவுக்கே திரும்பி ஏறும். பேட் தேயத் தேய டப்பாவில் ஆயில் இறங்குவது இயல்புதான். அதைப் பார்த்துப் பதறி நடுவில் ஊற்றி நிரப்பிய புண்ணியவானுக்கு இப்போது வழியும். பட்ட இடத்தில் பெயின்ட்டை உரித்தெடுக்கிற சாமான் அது. முன்ஜாக்கிரதையாகப் பனியன் வேஸ்ட்டால் டப்பாவைச் சுற்றிக் கட்டினேன். போகிறவர்கள் வண்டிக்கு எங்கே அடி என்று விசாரித்தார்கள்.

பேட் வெளியே இருக்கும்போது பெடலை மட்டும் யாரும் மிதிக்கக் கூடாது. மிதித்தால் பிஸ்டன் ஆயிலோடு பிதுங்கி வெளியே வந்துவிடும். ஆனால் நிற்கிற வண்டியைப் பார்த்தால் ஹாரனை அமுக்குவதும் பிரேக்கை மிதிப்பதும் நம் ரத்தத்தில் ஊறியவை. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வந்தார். "என்ன தம்பி, பிரேக் போச்சா?" என்றபடியே காலைத் தூக்கினார்.

"ஐயா, காலு!"

பாம்பென்று நினைத்துத் திண்ணையில் ஏறிவிட்டார். இறங்கவும் இல்லை. "மெக்கானிக்கிட்ட குடுத்தா அரைமணி வேலை தம்பி" என்று அங்கிருந்தே யோசனை வந்துகொண்டிருந்தது.

டிஸ்க்கிலும் பேட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கு படக்கூடாது. தேங்காயெண்ணெய் தொடாத விரலுக்கு எங்கள் வீட்டில் எங்கே போவது? துடைத்துத் துடைத்து மாட்டினேன். மாட்டியபின் முதல் மிதிக்குப் பெடல் தொளதொளவென்று கீழே போனது. அப்படித்தான் போகும். பிஸ்டன் வந்து பேட்டைத் தொடும்வரை மிதித்துக்கொண்டே இருந்தால் கெட்டியாகும். இதை வாசலிலேயே செய்துவிட வேண்டும், தெருமுனையில் அல்ல.

புதுப் பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகச் சில நூறு கிலோமீட்டர் ஆகும், அதுவரை நிதானமாகத்தான் ஓட்ட வேண்டும் என்று மனைவியிடம் விளக்கினேன்.

"அதுங்க ரெண்டும் முதல்ல நல்லாப் பழகட்டும்" என்று சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள்.